மாவு மில் வீட்டுக்கு எந்த ஹெட்போன்

கண்ணு,

சாப்பிட்டாயா என்று கேட்டு ஆரம்பிக்கப்போவதில்லை. உன் மாமியார் வீட்டில் வேளாவேளைக்கு எல்லாம் நடக்கிறது என்று நீயே இரண்டு முறை சொல்லிவிட்டாய். முதல் முறை எனக்குக் கேட்கவில்லை என்று நினைத்துத்தான் இரண்டாவது முறை கத்திச் சொன்னாய். முதல் முறையே கேட்டது. செவ்வாய்க்கிழமை நீ போன் செய்து, "ம்மா, தலை தீபாவளிக்கு மோதிரம் வேணாம்னு சொல்லிட்டேன். அத்தை ஹெட்போன் வாங்கித் தரேன்றாங்க. வீட்ல பாட்டு கேக்கறதுக்கு ஓபன்-பேக் வாங்கலாமா, நாய்ஸ் கேன்சலிங் வாங்கலாமா, நீ சொல்லு" என்று கேட்டபோது மில் ஓடிக்கொண்டிருந்தது. வல்லத்துக்காரர் ஒருவர் கேழ்வரகு மூட்டையை இறக்கி வைத்துவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "எத்தையோ வாங்குடா, எங்கிட்ட இன்னாத்துக்கு கேக்கற" என்று கத்திவிட்டு வைத்துவிட்டேன். உனக்கு முகம் சுண்டிப்போயிருக்கும். அன்றைக்கு என் மனதில் இருந்ததை உனக்குச் சொல்ல வேண்டுமானால் மோட்டார் சத்தத்துக்கு மேல் கத்தியிருக்க வேண்டும். எனக்கு வந்தது பொறாமை. அதை ஊர் கேட்கக் கத்துவதற்குக் கூச்சமாக இருந்தது. அதனால் எழுதுகிறேன்.

நீ என்ன கேட்டாய் என்று அப்போது எனக்குப் புரியவே இல்லை. மறுநாள் கடைத்தெருவில் போன் கடை வைத்திருப்பவரிடம் போய்க் கேட்டேன். அவர் பொறுமையாகச் சொன்னார். ஒன்று, காதை மூடும் கிண்ணத்தின் வெளிப்பக்கம் வலையாகத் திறந்திருக்குமாம். பாட்டு வெளியிலும் கசியும், வெளிச்சத்தமும் உள்ளே வரும். ஆனால் பாட்டு தலைக்குள் அடைபட்டுக் கேட்காமல், எதிரில் உட்கார்ந்து யாரோ பாடுவதுபோல விரிந்து கேட்குமாம். இன்னொன்று, காதை இறுக்கி மூடிவிடும். அதற்குள் இருக்கும் சின்ன மைக் வெளிச்சத்தத்தைக் கேட்டு, அதற்கு எதிர்ச்சத்தம் போட்டு அழித்துவிடும். சார்ஜ் தீர்ந்தால் அந்த வித்தை நின்றுவிடும். "வீட்ல ஒக்காந்து பாட்டு கேக்கறவங்களுக்கு முதல் சொன்னதுதாங்க்கா நல்லாருக்கும். ஆனா வீடு அமைதியா இருக்கணும். நம்ம மில்லு மாதிரி எடத்துல அத்த மாட்டினா பாட்டும் கேக்காது, ஒண்ணும் கேக்காது" என்றார். அங்கேயே நின்றுவிட்டேன். நீ "வீட்ல பாட்டு கேக்கறதுக்கு" என்று சொன்னாயே, எந்த வீடு என்று சொன்னாயா? திறந்த ஹெட்போன் வாங்கினால் அது லாஸ்பேட்டையில் உன் மாமியார் வீட்டுக்குத்தான் ஆகும். மற்றது வாங்கினால்தான் செஞ்சியில் நம் மில்லுக்கு மேல் இருக்கும் மாடிக்கு ஆகும். தீபாவளி முடிந்ததும் ரம்யாவை அழைத்துக்கொண்டு மாடிக்கு வந்துவிடுகிறேன், கம்ப்யூட்டர் வேலையை அங்கேயே பார்த்துக்கொள்கிறேன் என்றுதானே சொல்லிவிட்டுப் போனாய்? வருகிறாயா இல்லையா என்று நான் கேட்கவில்லை. நீயும் சொல்லவில்லை. ஹெட்போன் எதுவென்று நான் சொன்னால் எல்லாம் அதிலேயே முடிந்துவிடும் என்று நினைத்தாய். கெட்டிக்காரன்தான்.

இதில் எனக்கு எரிவது எது என்று நன்றாக யோசித்துப் பார்த்துவிட்டேன். உன் மாமியார் உனக்கு வாங்கித் தருவது எரிகிறது, இல்லை என்று சொல்லவில்லை. ரம்யா உன்னோடு இருப்பது எரியவில்லை, அதற்குத்தானே கல்யாணம் செய்து வைத்தேன். அந்த வீட்டின் அமைதிதான் என் வயிற்றை எரிக்கிறது. நீ பிறந்து தொட்டிலில் கிடந்த காலத்தில் மில் ஓடினால்தான் தூங்குவாய். கரண்ட் போய் மோட்டார் நின்றதும் வீறிட்டு எழுந்துவிடுவாய். மற்ற பிள்ளைகள் சத்தத்துக்கு எழுந்திருக்கும், உன் பிள்ளை அமைதிக்கு எழுந்திருக்கிறது என்று எல்லோரும் சிரிப்பார்கள், எனக்குப் பெருமையாக இருக்கும். பேச ஆரம்பித்தபோதே கத்தித்தான் பேசினாய். பள்ளிக்கூடத்தில் டீச்சர் கூப்பிட்டு, "பையனுக்குக் காது சரியாக் கேக்குதான்னு டாக்டர்கிட்ட காட்டுங்க" என்றார். காது நன்றாகத்தான் இருந்தது. நம் வீட்டில் குரல் என்றால் அவ்வளவுதான். உன் நைனா பெல்ட்டுக்கு அந்தப் பக்கம் நிற்பார், நான் மாவு இறங்கும் பக்கம் நிற்பேன், நீ நடுவில் நின்று பசிக்கிறது என்பாய். மெல்லச் சொல்லியிருந்தால் பட்டினிதான் கிடந்திருப்பாய்.

மாதத்தில் ஒரு நாள் பராமரிப்புக்காகக் காலையிலிருந்து கரண்ட்டை நிறுத்துவார்களே, அந்த நாள் ஒன்றுதான் நமக்கு இருந்தது. உன் நைனா மாவு அரைக்கும் கல்லைக் கொத்தி வாங்கி வரப் போய்விடுவார். நீயும் நானும் காலி மூட்டைகளின் மேல் உட்கார்ந்து என் போனில் பாட்டு வைப்போம். எனக்குப் பாட்டைப் பற்றி ஒன்றும் தெரியாது, ஆனால் பாட்டுக்குப் பின்னால் ஒலிக்கும் வீணையை நீ எனக்குக் காட்டுவாய். "இப்ப வருது பாரு, இப்ப வருது பாரு" என்று என் கையைப் பிடித்துக்கொள்வாய். எனக்கு வீணை எது, வயலின் எது என்று அப்படித்தான் தெரிந்தது. சில மாதம் அந்த நாள் உனக்குப் பள்ளிக்கூட நாளாகப் போய்விடும், அன்றைக்கு நான் ஒருத்தியாக உட்கார்ந்து பாட்டுக் கேட்க மாட்டேன். உன் மாமியாருக்கு வருஷம் முழுக்க அப்படி நாள். அவர் அதற்கு ஒன்றும் செய்யவில்லை, அந்தத் தெருவில் வீடு கட்டினார், அவ்வளவுதான்.

ஆயுத பூஜை அன்று நான் அங்கே வந்தேனே, அதைப் பற்றி உன்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. காலையில் மோட்டாருக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, பொரி கடலை படைத்துவிட்டு, மறுநாள் வரைக்கும் மில்லைத் தொடக் கூடாது என்பதால் பஸ் ஏறினேன். அதிரசத்துக்கு ஈரமாவு கெட்டுவிடும் என்று முறுக்கு மாவாக, நம் மில்லில் முதல் ஓட்டத்தில் தனியாக அரைத்து எடுத்து வந்தேன். மிளகாய் வாடை இம்மி இருக்கக் கூடாது என்று முந்தின நாள் விடிந்ததும் முதல் வேலையாக அரைத்த மாவு அது. உன் மாமியார் வாங்கி மோந்து பார்த்து, "ரொம்ப நல்லாயிருக்கு சம்பந்தி. நாங்க இப்பல்லாம் வீட்ல சுடறதில்ல, கடையில வாங்கிடுவோம். வேலைக்கார அம்மாவுக்குக் குடுத்தா சந்தோஷப்படுவாங்க" என்றார். தப்பாக ஒன்றும் சொல்லவில்லை. மரியாதையாகத்தான் சொன்னார். நான் காபியைக் குடித்துக்கொண்டே அந்த டப்பாவைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நீயும் ரம்யாவும் அப்போது அறையில் இல்லை. உன் மாமியார் தான் பாட்டுக் கேட்கும் நாற்காலியில் என்னை உட்காரவைத்து, தன்னுடைய ஹெட்போனை என் தலையில் மாட்டினார். பாட்டு வந்தது. மாட்டியதும் நான் என்ன செய்தேன் தெரியுமா? இரண்டு உள்ளங்கையாலும் இரண்டு பக்கமும் அழுத்திப் பிடித்துக்கொண்டேன். மில்லில் போன் வந்தால் அப்படித்தானே, ஒரு காதில் போனையும் இன்னொரு காதில் கையையும் வைத்து அழுத்தினால்தான் கேட்கும். பாட்டு ஏதோ பானைக்குள்ளிருந்து வருவதுபோல் மந்தமாக வந்தது. இதற்குத்தானா இத்தனை ஆர்ப்பாட்டம் என்று எனக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோஷம்கூட வந்தது. உன் மாமியார் என் கைகள் இரண்டையும் பிடித்து மெல்ல இறக்கினார். "கைய எடுங்க சம்பந்தி. பின்பக்கம் மூடுனா பாட்டு வராது. சும்மா விடுங்க, அதுவா கேக்கும்" என்றார். எடுத்தேன். கேட்டது. அவர் சொன்னது உண்மைதான், எனக்கு முன்னால் அறை நிறையப் பாட்டு இருந்தது. அது மட்டும் கேட்டிருந்தால் பரவாயில்லை. வெளிச்சத்தமும் உள்ளே வரும் என்று சொன்னேனே, பின்கட்டில் யாரோ ஒரு ஆண்பிள்ளை பேசுவதும் கேட்டது. "மழை வர்ற மாதிரி இருக்கு, துணி எடுத்துட்டியா? நான் எடுக்கட்டுமா?" அவ்வளவுதான் பேச்சு. ஆனால் அத்தனை மெதுவான, இதமான குரல். நான் ஹெட்போனைக் கழற்றி, "யாருங்க அது, பக்கத்து வீட்டுத் தம்பியா?" என்று கேட்டேன். நான் கேட்டதே அந்த வீட்டுக்கு ஒரு கத்தலாக இருந்திருக்கும். அவர் சிரித்தார். "யாரா? நம்ம மாப்பிள்ளைதாங்க" என்றார்.

பெற்ற பிள்ளையின் குரலை எனக்குத் தெரியவில்லை. உனக்கு அப்படி ஒரு குரல் இருக்கிறது என்பதே எனக்குத் தெரியாது. ஒரு காலத்தில் உடைந்து தடித்துப் போன குரலில் நீ என்னைக் கத்திக் கூப்பிட்டதுதான் உன் குரல் என்று இருந்துவிட்டேன். அந்த அம்மா தினமும் காலையில் அந்தக் குரலைக் கேட்டுக்கொண்டு காபி குடிக்கிறார். எழுதும்போதே எனக்கு எரிகிறது. அவருக்குக் கணவர் இல்லை, ஒரே பெண், தனியாக இருக்கிறார், பாவம் என்று எல்லோரும் சொல்கிறார்கள். பாவம்தான். துணைக்கு என் பிள்ளைதான் கிடைத்தானா என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. திரும்பும்போது திண்டிவனம் வரைக்கும் பஸ்ஸில் உட்கார்ந்து, அந்த வீட்டுக்குப் பக்கத்து மனையில் யாராவது ஒரு மரம் அறுக்கும் பட்டறை வைத்தால் நன்றாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டு வந்தேன். நல்ல பொம்பளை நினைக்கிற நினைப்பா அது?

அதனால்தான் போன் கடைக்காரர் விவரம் சொன்னதும், சத்தத்தை அழிக்கும் ஹெட்போன் ஒன்றை அங்கேயே ஆர்டர் போடச் சொன்னேன். உன் நைனாவுக்கும் சொல்லவில்லை. என் கணக்கு எளிதான கணக்கு. மில் சத்தம்தான் உனக்குக் கஷ்டம் என்றால் சத்தத்தையே இல்லாமல் செய்துவிட்டால் நீ என்ன சாக்குச் சொல்வாய்? உன் மாமியார் வாங்கித் தருவதற்கு முன்னால் நான் வாங்கி மாடியில் வைத்துவிட வேண்டும். வந்த அன்றைக்கே மில்லில் கூட்டம் நிற்கும்போதே மாட்டிப் பார்த்தேன். கண்ணு, மோட்டார் போய்விட்டது. பெல்ட் ஓடுகிறது, மாவு கொட்டுகிறது, தரை அதிர்வது காலில் தெரிகிறது, ஆனால் அந்த இரைச்சலைக் காணோம். நான் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து கேட்கிற இரைச்சல். நான் தனியாகச் சிரித்தேன். உன் நைனா தூரத்திலிருந்து என்ன என்று கையைக் காட்டினார். ஜெயித்துவிட்டேன் என்று அவரிடம் எப்படிச் சொல்வது?

கடைக்காரர் ஒன்றைச் சொல்லியிருந்தார், நான்தான் கவனிக்கவில்லை. ஒரே மாதிரி ஓடுகிற இரைச்சலைத்தான் அது நன்றாக அழிக்குமாம், பேச்சுக்குரலை அந்த அளவுக்கு அழிக்காதாம். சிங்கவரத்திலிருந்து வந்த இரண்டு பேர் மிளகாய்த் தூளுக்காகக் காத்து நின்றார்கள். மில்லில் நிற்பவர்கள் எதிரில் இருப்பவரிடம் கத்தித்தானே பேசுவார்கள், எனக்குக் கேட்காது என்ற தைரியம் வேறு. இத்தனை வருஷம் கேட்டதும் இல்லை. ஒருத்தி சொன்னாள்: "இந்தம்மா புள்ள அங்கயே செட்டில் ஆயிட்டானாமே. மாமியா வீட்டோட."

"பின்ன, இந்த சத்தத்துல எந்தப் பொண்ணு வந்து இருப்பா? அது இன்னா செவுடா?"

"பாவம்டீ. மாடியில டைல்ஸு, பாத்ரூமு எல்லாம் போட்டு வெச்சிக்கினு குந்தியிருக்குது. அவன் வர்றதாவது. அந்த அம்மாவுக்கு இன்னும் தெரில போலருக்குது."

இதைச் சொல்லிவிட்டு இரண்டு பேரும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். ஹெட்போனை என்னவென்று நினைத்தார்களோ, குளிருக்குக் காதை மூடியிருக்கிறேன் என்று நினைத்திருப்பார்கள். அவர்கள் மிளகாயை ஒன்றுக்கு இரண்டு ஓட்டம் விட்டு நைசாகத்தான் அரைத்துக் கொடுத்தேன். தும்மிக்கொண்டே போகட்டும் என்று கொஞ்சம் எண்ணம் இருந்தது. இத்தனை வருஷத்தில் என் முதுகுக்குப் பின்னால் பேசாமல் முகத்துக்கு நேராகவே என்னென்ன பேசியிருப்பார்கள் என்று நினைத்துப் பார்த்தேன்.

அன்று மாலை மில்லை நிறுத்திவிட்டு, ஹெட்போனை உன் நைனாவின் முன்னால் வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நல்ல சாமான்தான். அவன் மாடியில இத்த மாட்டிக்கினு வேலை செய்வான், சரி. அந்தப் பொண்ணு?" என்றார்.

"அதுக்கும் ஒண்ணு வாங்கினா போச்சு."

"ரெண்டு பேரும் மாட்டிக்கினா, அப்புறம் ரெண்டு பேரும் எப்டி பேசிக்குவாங்க?"

"கழட்டிட்டு பேசறது."

"கழட்டினா மோட்டாரு இருக்குதே. கத்தணும்" என்றார். அவர் என்னைக் குத்திக்காட்டவில்லை, யோசித்துச் சொன்னார். "நாமும் அப்டித்தான் பேசிக்கினோம். ஒரு கொறையும் இல்ல. ஆனா நீ என்னாண்ட மெதுவா பேசி நான் கேட்டதே இல்லியே" என்று சொல்லிவிட்டு, கைகால் கழுவப் போய்விட்டார். கல்யாணத்தன்று மேடையில் அவர் என் காதருகில் ஏதோ சொன்னார், மேளச் சத்தத்தில் கேட்கவில்லை. அதற்குப் பிறகு நேராக மில்லுக்கு வந்துவிட்டோம்.

மாடிக்குப் போய் உட்கார்ந்தேன். ஜன்னலைத் திறந்தால் ராஜகிரிக் கோட்டை தெரிகிறது. மேல்மலையனூர் போகிற பஸ் ஒன்றன்பின் ஒன்றாக ஹாரன் அடித்துக்கொண்டு போனது. இந்த அறையில் நீ ரம்யாவிடம் துணியை எடுக்கட்டுமா என்று கேட்டால் எப்படிக் கேட்பாய் என்று நினைத்துப் பார்த்தேன். "துணி எடுத்தியா" என்று தெரு முனைக்குக் கேட்கிற மாதிரிதான் கேட்பாய். அவள் "எடுத்தேன்" என்று திருப்பிக் கத்துவாள். ஒரு வருஷம் போனால் உங்கள் இரண்டு பேருக்கும் அதுதான் குரல் என்றாகிவிடும். பிறகு உன்னுடைய அந்தக் குரல் லாஸ்பேட்டையிலும் இருக்காது, செஞ்சியிலும் இருக்காது. உன் மாமியாருக்குக் கிடைக்காமல் போகும் என்பதில் எனக்கு ஒரு நிமிஷம் திருப்தி வந்தது, மறைக்கவில்லை. ஆனால் எனக்கும் கிடைக்காதே.

ஆகவே கேட்டதற்குப் பதில்: ஓபன்-பேக் வாங்கிக்கொள். அமைதியான வீட்டுக்கு அதுதான் நல்லது. உன் மாமியாரே வாங்கித் தரட்டும், தலை தீபாவளிக்குச் செய்ய வேண்டியவர் அவர்தான். சத்தத்தைக் கூட்டி வைத்துக் கேட்காதே, வெளியே கசிந்து அடுத்தவருக்குத் தொந்தரவாகும். ரம்யா கூப்பிட்டால் அதில் உனக்குக் கேட்கும் என்பதுதான் அதன் பெரிய நன்மை, கேட்டும் கேட்காத மாதிரி உட்கார்ந்திராதே. தீபாவளி முடிந்து வருகிறாயா என்று நான் இனி கேட்க மாட்டேன். மாடியை வாடகைக்கு விடவும் மாட்டேன், அது பாட்டுக்குக் கிடக்கட்டும், வந்தால் தங்கிவிட்டுப் போங்கள். நான் வாங்கிய ஹெட்போனை நானே வைத்துக்கொள்கிறேன். மில்லில் மாட்டிக்கொண்டு நிற்கிறேன், யார் என்ன பேசுகிறார்கள் என்று எனக்கும் தெரியட்டும். மனசாரச் சொல்கிறேனா என்று கேட்காதே. மனசார இல்லை. வயிறு எரிந்துகொண்டேதான் சொல்கிறேன். போனில் பேசும்போது வாக்கியத்துக்கு வாக்கியம் அத்தை அத்தை என்று சொல்வதை மட்டும் கொஞ்சம் குறைத்துக்கொள்.

இன்னும் ஒன்று, இதற்காகத்தான் இவ்வளவும் எழுதினேன். இனிமேல் என்னிடம் போனில் கத்தாதே. நீ கூப்பிட்டால் நான் மோட்டாரை நிறுத்திவிடுகிறேன், யார் மூட்டையோடு நின்றாலும் நிற்கட்டும். ரம்யாவிடம் துணி எடுத்துவிட்டாயா என்று கேட்டாயே, அந்தக் குரலில் என்னிடம் பேசு. எனக்குச் சரியாகக் கேட்காது, மில் காது இது. இன்னாடா, இன்னாடா என்று கேட்பேன். நீ குரலை உயர்த்தாதே. அதே குரலில் இன்னொரு தடவை சொல்.

அம்மா